வெள்ளையடித்த குசினி

கல்முனைக்குடியில் இடியப்பம் அவித்து விற்கிற பெண்கள் தெருவுக்கு, ஒழுங்கைக்கு ஒருத்தி இருப்பார்கள். ஆனாலும் இடியப்பக்கார முஸ்பிறா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையைக் கைகாட்டும். சுபஹு பாங்கு கேட்பதற்கு முன்பே அந்த வீட்டின் பின்பக்கத்தில் புகை கிளம்பிவிடும். கல்வீட்டோடு ஒட்டி இறக்கிய தென்னங்கிடுகுப் பத்திதான் அவளுடைய குசினி. மூன்று மண்ணடுப்பு, அடி கருகிய பெரிய பானைகள், அடுக்கிவைத்த பிரம்புத் தட்டுகள், கைபட்டு மினுங்கிப்போன, இடியப்பம் பிழிகிற ஒரு மர உரல். சுவரும் கூரையும் புகை குடித்துக் கன்னங்கரேலென்று கிடக்கும். அந்தக் கரிக்குள் நின்று அவள் பிழிகிற இடியப்பம் மட்டும் பூப்போல வெளியே வரும்.

பிரதான வீதியில் இருக்கிற அபூசாலி ஹாஜியாரின் சாப்பாட்டுக் கடைக்கு அது போகும். ஓட்டோக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்கிற உத்தியோகத்தர்கள், வயலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதை மீன்குழம்பு ஆணத்தில் ஊறப்போட்டு ஒரு பிடி பிடிப்பார்கள். யார் அவித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. ருசி கெடாதவரைக்கும் அந்தக் கேள்வி யாருக்கும் வருவதுமில்லை.

புருஷன் மீராமுகைதீன் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர். ஒருநாள் தோணியை இறக்கும்போது அலை திருப்பி அடித்து, தோணி அவர் இடுப்பின் மேல் ஏறிவிட்டது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. ஆனால் வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்து நிற்க வேண்டும். பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி இடியப்பத்தைப் பார்சலாகக் கட்டிக்கொடுப்பார். அதுதான் அவரால் ஏலும். பிள்ளைகள் இரண்டும் பெண். மூத்தவள் சஹ்லா உயர்தர வகுப்பில் வர்த்தகம் படிக்கிறாள். இளையவள் மின்ஹா பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வராதவள். உம்மாவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டே குசினிக்கும் கிணற்றுக்கும் அலைகிற குட்டி.

ஆக, இந்தக் குடும்பம் முழுவதும் முஸ்பிறாவின் வலது தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தோள் போய்விட்டது. வருஷக்கணக்காக உரலை அமுக்கி அமுக்கி மூட்டுத் தேய்ந்துவிட்டதாம். "ஒண்டில் உரல விடுங்க, இல்லாட்டிக் கைய விடுங்க" என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்லிவிட்டார். சொல்கிறவருக்கு என்ன? முஸ்பிறா மருந்துத் துண்டை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தோளில் எண்ணெய் தேய்த்து, மறுநாளும் உரலைத்தான் எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஏஜென்சிக்கு ஆள் பிடிக்கிற சீனிமுகம்மது வாசலில் வந்து நின்றார்.

"முஸ்பிறா தங்கச்சி, ஒனக்குக் குவைத்திலிருந்து விசா வரப்போகுது. நீ முந்தி வேல செஞ்ச ஊட்டு மேடத்துட மகளுக்குப் புள்ள பொறந்திரிக்காம். வேற ஆள் வேணாமாம். ஒன்னத்தான் வேணுமாம்."

முஸ்பிறா உள்ளே போய் மின்ஹாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எப்ப காக்கா முடிவு சொல்லோணும்?"

"ஹஜ்ஜிப் பெருநாளைக்கு முந்திச் சொல்லு. மறுகா அவங்க வேற ஆளப் பாத்துருவாங்க."

முஸ்பிறா ஒரு தடவை போய் வந்தவள்தான். சஹ்லா பால்குடி மறந்த கையோடு தங்கையிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போய், ஐந்து வருஷம் குவைத்தில் அடுத்தவளுடைய மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். அந்தப் பணத்தில்தான் இந்தக் கல்வீடு எழும்பியது. நம்முடைய ஊர்களில் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வீடு வேண்டும். வீடு இல்லாதவள் எவ்வளவு அழகியானாலும் வாப்பா வீட்டுக் கோடிக்குள்தான் இருப்பாள். மகளுக்கென்று வீட்டைக் கட்டிவிட்டு மகளிடம் வந்தால், மகள் தன்னை வளர்த்த சாச்சியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அவள் "உம்மா" என்று கூப்பிட்டது சாச்சியை. இவளுக்கு அவள் வைத்த பெயர் "குவைத்தும்மா". ஊரே சிரித்தது. முஸ்பிறாவும் சேர்ந்து சிரித்தாள், பிறகு கிணற்றடியில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வளர வளர சஹ்லா "உம்மா" என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள்தான். ஆனால் அது ஆசிரியையை "டீச்சர்" என்று கூப்பிடுவதுபோல மரியாதையாக இருந்தது. தேவைக்குப் பேசுவாள், முடிந்ததும் எழும்பிப் போய்விடுவாள்.

அடுத்தவள் பெற்ற பிள்ளை கடல் கடந்து தன்னை நினைத்துக் கேட்கிறது. தான் பெற்றது பக்கத்தில் இருந்தும் ஒட்டவில்லை. இன்னொரு பிள்ளையையும் இப்படி விட்டுவிட்டுப் போவதானால் நான் மவுத்தாகிவிடுகிறேன் என்று அன்றைக்கு மீராமுகைதீனிடம் அவள் வெளிப்படையாகவே சொன்னாள். அவர் தன் இடுப்பைத் தடவினார்.

இந்த இடத்தில்தான் கஜனி வருகிறாள். பாண்டிருப்பு இந்துப் பிள்ளை, ஒரு தொண்டு நிறுவனத்தில் உத்தியோகம். வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்களை ஒரு மண்டபத்தில் கூட்டி, தெரிவாகிறவர்களுக்கு இயந்திரம் கொடுக்கப்போவதாக அறிவித்தாள். முஸ்பிறாவுக்கு மின்சாரத்தில் ஓடுகிற இடியப்ப மெஷின் ஒன்றின் படத்தையும் காட்டினாள். பொத்தானை அமுக்கினால் தானே பிழியுமாம். தோள் வேண்டியதில்லை. ஒரு கடை அல்ல, வீதியில் இருக்கிற எல்லாக் கடைக்கும் போடலாம். முஸ்பிறா அந்தப் படத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். மெஷின் வந்தால் அவள் வீட்டில் இருப்பாள், வராவிட்டால் குவைத். அவளுக்கு அதற்கு மேல் கணக்கு இல்லை.

"அதுக்கு ஒரு தொழில் திட்டம் எழுதித் தரவேணும்" என்றாள் கஜனி. "பயப்பிடாதீங்க அக்காமாரே. பெரிசா ஒண்டும் வேணாம், ரெண்டு மூண்டு பக்கம் காணும், அது போதும். இப்ப என்ன செய்யிறீங்க, மெஷின் கிடைச்சா என்ன செய்வீங்க, அவ்வளவுதான். பொறகு நாங்க வந்து உங்கட தொழிலப் பாப்பம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிசப்பிறவி சொல்ல முடியாது. ஆனால் சொன்னது யாரிடம்? விருந்தாளி "பிளேன்டீ மட்டும் காணும்" என்றால், பாலில்லாத பிளேன்டீயை மட்டும் நீட்டுகிற வீடு இந்தக் கரையில் உண்டா? மாப்பிள்ளை வீட்டார் வந்து "எங்களுக்கு ஒண்டும் வேணாம், பொண்ணு மட்டும் காணும்" என்பார்கள். அதை நம்பிச் சும்மா இருந்த வீட்டில் பெண்ணும் சும்மாதான் இருக்கும். 'காணும்' என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை, அதற்கு மேலே செய்கிறவள்தான் மனிசி என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் முஸ்பிறா. மூன்று பக்கம் காணும் என்றதும், ஓகோ, முப்பது பக்கமாவது எதிர்பார்க்கிறார்கள் என்று மனதில் எழுதிக்கொண்டாள்.

ஆனாலும் தொடக்கத்தில் அவளுக்கும் சந்தேகம் இருந்ததை மறைக்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு புருஷனிடம் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, இந்தத் திட்டத்துக்கு எவ்வளவு மெனக்கெடுற? எனக்கு உரலோட மல்லுக்கட்டவே நேரம் காணா."

"அந்தப் புள்ள மூணு பக்கம் எண்டுதானே சொல்லிச்சி? அதச் செய்யன்."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க. சும்மா மூணு பக்கத்தக் கொண்டுபோனா, இவளுக்கு அக்கற இல்ல எண்டு தள்ளிவெச்சிருவாங்க."

"அப்ப ஒன்ட மனசு சொல்லுறதச் செய்" என்றார் மீராமுகைதீன். கதிரையில் இருக்கிற மனிதருக்கு வேறென்ன சொல்ல இருக்கிறது?

எழுதுகிற வேலையை சஹ்லா எடுத்துக்கொண்டாள். வர்த்தகம் படிக்கிறவள் அல்லவா! அஸர் தொழுதுவிட்டு முன்னறையில் பாயை விரித்து, கொப்பியைத் திறந்து, உம்மாவிடம் கேள்வி கேட்டாள். மா எங்கே வாங்குவது, எப்படி வறுப்பது, மழைக்காலத்தில் விறகுக்கு என்ன செய்வது. முஸ்பிறா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பலவீனம் என்று ஒரு தலைப்புப் போட்டு, "உம்மா, ஒங்கட தொழில்ல பலவீனம் என்ன?" என்றாள்.

"என்ட தோள்மூட்டுத்தான் மகள்."

சஹ்லா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே உம்மாவின் தோளில் கையை வைத்து, "எங்க நோகுது?" என்று கேட்டாள். இந்தப் பிள்ளை தானாக அவளைத் தொட்டது எந்தக் காலத்தில்? முஸ்பிறாவுக்கு ஞாபகம் இல்லை.

அன்றைக்கே மூன்று பக்கம் முடிந்துவிட்டது. நல்ல மூன்று பக்கம், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சஹ்லா கொப்பியை மூடி எழும்பப் போனாள். அவள் எழும்புவதைக் கண்டதும் முஸ்பிறா, "இதுக்கு இன்னும் என்னவும் சேர்க்க ஏலாதா மகள்?" என்றாள். சஹ்லா திரும்பவும் உட்கார்ந்தாள்.

திட்டம் வளர்ந்த கதை இதுதான். எல்லோரும் அவள் மெஷினுக்காக மாய்ந்து மாய்ந்து எழுதியதாக நினைக்கிறார்கள். மெஷினுக்காகத்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் மூத்தவள் முழங்கால் முட்டப் பக்கத்தில் இருந்து பேசுகிற அந்த மாலைப்பொழுது முடிந்துவிடக் கூடாதே என்பதற்காகவும்தான். சந்தை ஆய்வு என்றாள் சஹ்லா. சரியென்று உம்மாவும் மகளும் அபாயாவைப் போட்டுக்கொண்டு சாய்ந்தமருதுவரை கடை கடையாக ஏறி, யார் எங்கிருந்து இடியப்பம் எடுக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். வழியில் ஐஸ்கிறீம் குடித்தார்கள். ஐந்து வருஷத்து எதிர்காலத் திட்டம் என்றாள். அதுவும் எழுதினார்கள். தொழிலுக்குப் பெயர் வேண்டும், அடையாளச் சின்னம் வேண்டும் என்றாள். அதற்கு மட்டும் ஒரு கிழமை, ஏழு நாளும், போனது. கொமினிகேசன் கடையில் தட்டெழுதி, கலரில் அச்சடித்து, சுருள்கம்பி போட்டுக் கட்டினார்கள். அட்டையில் போட இடியப்பப் படம் வேண்டும். முஸ்பிறாவின் தட்டைப் படம்பிடித்தால் பின்னால் கரிச்சுவர் தெரிந்தது. அதனால் இன்டர்நெட்டிலிருந்து யாரோ அவித்த இடியப்பத்தின் படத்தை எடுத்துப் போட்டார்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது? உரலிலிருந்துதான் வந்தது. பின்னேரம் மா வறுக்க வேண்டிய நேரத்தில் அவள் பாயில் இருந்தாள். அவசரத்தில் வறுத்த மா ஒருநாள் பச்சையாக இருந்தது, ஒருநாள் தீய்ந்தது. இடியப்பம் பிந்திப் போனது. அபூசாலி ஹாஜியார் போனில் கூப்பிட்டார்.

"என்ன தங்கச்சி, இடியப்பம் கயிறு மாதிரி இரிக்கி. ஆக்கள் கோப்பையத் தள்ளிட்டுப் போறாங்க."

"மன்னிச்சிக்கங்க ஹாஜியார். கொஞ்ச நாளைக்குப் பொறுங்க. மெஷின் வந்தா ஒங்களுக்குத்தான் முதல்ல."

"மெஷின் வரக்குள்ள வரட்டும். நாளைக்குக் காலையில என்ட கடைக்கு என்ன வரும் எண்டு சொல்லு."

அவள் சொன்னாளே தவிர, சொன்னபடி செய்யவில்லை. மனது திட்டத்தில் இருந்தது. திட்டம்தானே தன்னைக் காப்பாற்றப்போகிறது, இடியப்பம் தினமும் அவிக்கிறதுதானே என்று இருந்துவிட்டாள்.

திட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று கஜனி அதைத் தூக்கிப் பார்த்து, "அல்லாஹ்!" என்றுவிட்டாள். பாண்டிருப்புப் பிள்ளையின் வாயில் அந்தச் சொல் வந்ததைக் கேட்டு உம்மாவும் மகளும் வழிநெடுகச் சிரித்தார்கள். இரண்டு கிழமையில் போன் வந்தது. முதல் தெரிவில் வந்துவிட்டாள். வியாழக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு ஐயா வருகிறார், தொழில் நடக்கிற இடத்தை நேரில் பார்ப்பார். "விசேசமா ஒண்டும் செய்யவேணாம் அக்கா. இருக்கிறபடி இருந்தாக் காணும்" என்றாள் கஜனி.

திரும்பவும் அந்தக் 'காணும்'.

முஸ்பிறா பத்தியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். இந்தக் கரிக்குகையையா கொழும்பு ஐயாவுக்குக் காட்டுவது? மாப்பிள்ளை வீட்டார் வந்தால் முதலில் கூரையைப் பார்ப்பார்கள், பிறகு சுவரைப் பார்ப்பார்கள், கடைசியில்தான் பெண்ணைப் பார்ப்பார்கள். அவள் அறிந்த சோதனை அது ஒன்றுதான். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஹாஜியாருக்குப் போன் போட்டு, இந்தக் கிழமை இடியப்பம் இல்லை என்றாள். அவர் பட்டென்று போனை வைத்தார். மூன்று மண்ணடுப்பையும் இடித்து மண்ணை வீட்டுப் பின்பக்கக் கோடியில் கொட்டினாள். கரிப்பானைகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். உரலையும் பிரம்புத் தட்டுகளையும் சாக்கில் கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். கிடுகைக் கழற்றிப் புதுக்கிடுகு போட்டு, சுவருக்கு இரண்டு தரம் வெள்ளை அடித்தாள். நொந்த தோளால் ஏலாமல் இடது கையால் அடித்தாள். சஹ்லாவும் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இருவர் மூக்கிலும் சுண்ணாம்பு. மீராமுகைதீன் கதிரையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தார்.

"முஸ்பிறா, அவங்க பாக்க வாறது தொழில. நீ தொழிலயே மறைச்சிட்டியே, புள்ள."

"நீங்க சும்மா இரிங்க. மெஷின் வெக்கிற எடம் இப்பிடி இரிந்தாத்தான் மதிப்பு."

அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவி உழைப்பில் இருந்து சாப்பிடுகிறவருடைய குரல் எப்போதும் அரைவாசிதான் வெளியே வருகிறது.

வியாழக்கிழமை வந்தது. மேசைக்குப் புது விரிப்பு. கேக், வாழைப்பழம், சோடா, அவளே நேர்த்தியாகச் செய்த வட்டிலப்பம். கொழும்பு ஐயாவும் கஜனியும் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஐயா நல்ல மனிதர்தான். வட்டிலப்பத்தை ருசித்துச் சாப்பிட்டார், மின்ஹாவுக்குக் கேக் ஊட்டினார், திட்டத்தை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "மிகவும் சிறப்பு" என்றார். சஹ்லாவின் முகம் சிவந்தது. பிறகு அவர் எழும்பி, "இப்போது தொழிலைப் பார்ப்போமா?" என்றார்.

முஸ்பிறா பெருமையோடு கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளைச் சுவர். புதுக்கிடுகு. மெழுகிய தரை. நடுவில் மெஷினுக்கென்று விட்ட வெறும் இடம்.

ஐயா நாலாபக்கமும் பார்த்தார். கஜனியும் பார்த்தாள். அவளுடைய முகம்தான் முதலில் மாறியது.

"அக்கா, அடுப்பு எங்க?"

"எல்லாம் துப்புரவாக்கிட்டம் மிஸ்."

"இண்டைக்கு அவிச்ச இடியப்பம் ஒண்டு இருந்தா ஐயாவுக்குக் காட்டலாமே."

"இடியப்பத்தப் போய் ஒங்களப் போல ஆக்களுக்கு வெக்கிறதா மிஸ்? அதான் வட்டிலப்பம் செஞ்சன்."

ஐயா கஜனியிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். கட்டிலுக்குக் கீழே இருந்த சாக்கை சஹ்லா ஓடிப்போய் இழுத்துவந்து அவிழ்த்தாள். உரலும் தட்டுகளும் காய்ந்து கிடந்தன. கட்டிக் கிடந்த உரலை வைத்துத் தொழில் ஓடுகிறது என்று எந்த அதிகாரி எழுதுவான்? அவர்கள் ஸலாமுக்குப் பதில் சொல்லி, வணக்கம் சொல்லி, வானில் ஏறிப் போனார்கள்.

வான் திரும்பின உடனே முஸ்பிறாவுக்கு விளங்கிவிட்டது. அப்படியே வெள்ளைச் சுவரில் சாய்ந்தாள். பிறகு எழும்பி, கோடியில் கொட்டிய மண்ணை அள்ளிவந்து, தண்ணீர் ஊற்றிக் குழைத்து, அழுதுகொண்டே அடுப்புப் போட்டாள். ஈர அடுப்பில் விறகு எரியுமா? புகைதான் வந்தது. வெள்ளைச் சுவர் ஒருநாளில் பழைய நிறத்துக்கு வந்தது. மறுநாள் விடியும்போது எப்படியோ ஒரு தட்டு அவித்து, வாழையிலையில் கட்டி, தூக்குப்பெட்டியில் வைத்துக்கொண்டு கல்முனைக்கு ஓடி, கஜனி வேலைசெய்கிற கந்தோர் திறக்குமுன் வாசலில் நின்றாள்.

கஜனி இலையைப் பிரித்து ஒரு இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவளுக்குக் கண் கலங்கியது.

"இத நேத்துத் தந்திருக்கலாமே அக்கா."

"இப்ப சொல்லுங்க மிஸ். அவர்ட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்க."

"ஐயா எழுதிக் கையெழுத்து வெச்சிட்டார். உங்கட திட்டத்துக்குத்தான் எல்லாரையும் விடக் கூடின புள்ளி. ஆனா தொழில் நடக்கல்ல எண்டு எழுதிட்டார். அதுக்கு மேல என்னால ஏலா அக்கா." கஜனி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "நற்பிட்டிமுனையில ஒரு அக்கா ஒண்டரைப் பக்கம்தான் எழுதினவ. நாங்க போகக்குள்ள மா ஒட்டின கையோட வந்து, 'இரிங்க, இந்தத் தட்ட எறக்கிட்டு வாறன்' எண்டு உள்ளுக்குப் போயிட்டா. மெஷின் அவவுக்குத்தான். நான் மூண்டு பக்கம் காணும் எண்டு எத்தின தரம் சொன்னன்?"

"நீங்க மரியாதைக்குச் சொல்லுறீங்க எண்டு நெனச்சன் மிஸ்" என்றாள் முஸ்பிறா.

திரும்பி வரும் வழியில் ஹாஜியாரின் கடையில் ஏறினாள். அங்கே வேறு யாரோ அவித்த இடியப்பம் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தது. ஆட்கள் அதை ஆணத்தில் ஊறப்போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ருசியில் குறை ஒன்றும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"கோவிக்காத தங்கச்சி" என்றார் அபூசாலி ஹாஜியார். கெட்ட மனிதர் அல்ல, அவருக்கும் சொல்ல மனம் வரவில்லை. "காலையில சனம் பசியோட வந்து நிக்கிது. நான் ஒன்ட திட்டத்தையா ஆணத்தோட வெக்கிற?"

அன்றைக்குப் பின்னேரமே சீனிமுகம்மதுக்குப் போன் போட்டு, பாஸ்போட் தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மீராமுகைதீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சஹ்லாதான் வந்து முன்னால் நின்றாள். கையில் அந்தச் சுருள்கம்பிக் கட்டு.

"நான்தான் உம்மா பிழ. இவ்வளவு எழுத வேணாம் எண்டு எனக்குத் தெரியும். மூணு பக்கத்தோட முடிஞ்சிட்டுது எண்டும் தெரியும்."

"அப்ப என்னத்துக்கு மகள் எழுதினாய்?"

சஹ்லா தரையைப் பார்த்தாள். "முடிஞ்சா நீங்க குசினிக்குப் போயிருவீங்களே."

முஸ்பிறா அப்படியே பிள்ளையை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி மற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாயில் சும்மாவே இருந்து பேசியிருக்கலாம், இடியப்பமும் தீய்ந்திருக்காது. யா அல்லாஹ், இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. இப்போது உலுக்கி என்ன செய்வது?

போவதற்கு முன் மின்ஹாவைப் பழக்க வேண்டியிருந்தது. போன தடவை திடுமென்று விட்டுவிட்டுப் போய், சஹ்லா நாட்கணக்காய்ச் சோறு தின்னாமல் கிடந்ததைத் தங்கை பிறகு சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. பிள்ளைக்குச் சோறூட்டுவதைச் சஹ்லாவிடம் விட்டாள். குளிப்பாட்டுவதையும் விட்டாள். மின்ஹா "உம்மாதான் ஊட்டோணும்" என்று காலை உதைத்து அழுதபோது, கதவுக்குப் பின்னால் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றாள். ராத்தா சஹ்லாவின் பாயில் படுக்கவைத்தாள். பிள்ளை எழும்பி உம்மாவைத் தேடி வந்தால், திரும்பத் தூக்கிப்போய் ராத்தாவின் பக்கத்திலேயே கிடத்தினாள். சஹ்லா பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுகொண்டாள். பரீட்சையை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வருஷம் என்று நின்ற பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பப் போனார்கள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

ஹஜ்ஜிப் பெருநாள் கழிந்தது. பிரயாணத்துக்கு முந்திய நாள் முஸ்பிறா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சஹ்லா குசினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோழியைத் துரத்தி ஓடிய மின்ஹா, இடித்த அடுப்பில் மிஞ்சிக் கிடந்த மண்கட்டியில் தடுக்கி விழுந்து, முழங்கால் உரிந்து, வீரிட்டுக் கத்தினாள். முஸ்பிறா கையில் இருந்த உடுப்பை மண்ணில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள்.

பிள்ளை எழும்பி அழுதபடியே வந்தது. நீட்டிய கைகளைத் தாண்டி, "ராத்தா!" என்று கத்திக்கொண்டு குசினி வாசலுக்கு ஓடி, சஹ்லாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

சஹ்லா பயந்துபோனாள். தங்கச்சியின் தலைக்கு மேலாக உம்மாவைப் பார்த்துவிட்டு, "உம்மாட்டப் போ மின்ஹா, உம்மா நிக்கிறா பாரு, போ" என்று பிள்ளையின் கையைப் பிரித்துத் தள்ளினாள். பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

முஸ்பிறா நீட்டிய கையை மடக்கினாள். நினைத்தபடியே எல்லாம் நடந்திருந்தது. மண்ணில் கிடந்த உடுப்பை எடுத்து உதறினாள்.

"விடு மகள், ஒன்னட்டயே இரிக்கட்டும்" என்றாள். "பழகிட்டுது."